நைதரசனும் நான் விட்ட வரியும்

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உயர்தர இரசாயனத்துக்கு ரீச்சர் கிடையாது. முந்தின வருசம் படித்தவர்களின் கொப்பியைப் பார்த்து அடுத்த வருசப் பிள்ளைகள் எழுதுவார்கள், அவ்வளவுதான் படிப்பு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் என் கொப்பிக்குத்தான் கிராக்கி. எனக்கும் தலைக்கனம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பரீட்சையில் இரசாயனத்தைக் கோட்டை விட்டேன். இரண்டாம் முறை எழுதுவதற்காகக் கண்டியில் ரியூசனுக்குப் போனேன். ஒருநாள் ரியூசன் சேர் அயனாக்கற் சக்தி வரைபைக் கீறினார். ஆவர்த்தன அட்டவணையின் ஒரு வரிசையில் இடமிருந்து வலம் போகப் போக, அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்க அதிகச் சக்தி வேண்டும். கோடு ஏறியது. ஆனால் போரனில் ஒருமுறை இறங்கி, நைதரசனுக்கு அடுத்து ஒட்சிசனில் மறுபடி இறங்கியது. நான் பார்த்து எழுதிய பழைய கொப்பியில் இதைப்பற்றி ஓரத்தில் ஒரு வரி கிறுக்கியிருந்தது. பக்கம் அசிங்கமாகிவிடும் என்று அதை விட்டுவிட்டு, "எப்போதும் கூடும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டவள் நான்.

என் கொப்பியைப் பார்த்து எழுதிய பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மறுநாளே தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

"இப்பப் போயி புள்ளைங்களக் கொழப்பாதீங்கம்மா," என்றார் பள்ளிக்கூட அதிபர்.

"கொழப்புனதே நான்தான் சேர். சரி பண்ணாமப் போக மாட்டேன்." வாசலிலேயே நின்றேன். மனுசன் கடைசியில் வழிவிட்டார்.

ஏழு பிள்ளைகள். கரும்பலகையில் மூன்று பெட்டி கீறினேன்.

"நைதரசனோட வெளி ஓட்டுல, இந்த மூணு p பெட்டியிலயும் தனித்தனியா ஒவ்வொரு இலத்திரன். ஒட்சிசனுக்கு நாலாவது ஒண்ணு வருது. அது யாரோடயாவது ஒட்டிக்கத்தானே வேணும்? ஒரே கட்டில்ல ரெண்டு பேர் படுத்தா இடிச்சுக்க மாட்டாங்களா? அதுல ஒருத்தரக் கெளப்புறது லேசு."

சிரித்தார்கள். விளங்கிவிட்டது.

முன்வரிசை வாங்கில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. "தவணைப் பரீட்சையில உங்க வரியத்தான் எழுதுனேன் அக்கா. வெளிப் பள்ளிக்கூடத்துல திருத்துனாங்க, புள்ளி போடல. திருத்துனவங்கதான் பிழை விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். உங்க கொப்பிய நான் சந்தேகப்படவே இல்ல."

ஐயோ, அந்த இடத்தில் எனக்கு அழுகை முட்டியது. "என் பிழைதாம்மா," என்றேன்.

அவள் தன் கொப்பியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"அந்த வரிய நீங்களே வெட்டுங்க."

வெட்டினேன். மற்ற ஆறு பேரும் கொப்பியோடு எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள்.