வடக்குப் பக்கத்து நாலு ஓடு

செஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது வீட்டுக் கூரையில் ஏறி, பிறந்த பிள்ளையைப் படம் பிடிக்க ஓடு பிரித்துக் கொடுத்தவன் நான். என் பேரனுக்கு மட்டும் அப்படி ஒரு படம் கிடையாது. வேட்டி விரித்து, பிள்ளையைக் கிடத்தி, கேமராவைத் திறந்த பிறகு, எடுக்க மாட்டேன் என்று மூடிவிட்டார் ஜ்வாலாமாலினியம்மா. அறுபத்தாறாம் வருஷம் நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். மேல்சித்தாமூரில் பிறந்தவர். பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஸ்ரீபால் நைனாரின் சம்சாரம். பிள்ளை பெற்ற அறைக்குள் அந்நிய ஆம்பளை நுழைய முடியாது. பதினாறு நாளைக்குப் பிள்ளையை வெளியே கொண்டுவரவும் மாட்டார்கள். ஆனால் பட்டாளத்தில் இருக்கிற அப்பன்மார் படம் கேட்டு எழுதுவார்கள். அதனால் நைனார் வீட்டம்மாவே கேமராவைக் கற்றுக்கொண்டு கிளம்பினார். பச்சைப் பிள்ளை கண்ணில் பல்பு அடிக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அந்த அறைகளில் ஜன்னலும் இருக்காது. ஓடு மாற்றுகிற நான் அதற்குத்தான் தேவைப்பட்டேன்.

"வெயில் வேணாம் பச்சமுத்து, வெளிச்சம் போதும்" என்பார். கூரையின் வடக்குச் சரிவில் நாலு ஓட்டை எடுப்பேன். கீழே வெள்ளை வேட்டியில் பிள்ளை. இருட்டாக இருக்கிற கன்னத்துப் பக்கம் இன்னொரு வேட்டியை ஒருத்தி விரித்துப் பிடிப்பாள். அசைந்தால் படம் கெட்டுவிடும், அதனால் பிள்ளை தூங்கும் வரை அந்தம்மா மணிக்கணக்கில் காத்திருப்பார். நான் கீழே எட்டிப் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. பார்க்காமல் யாரால் இருக்க முடியும்?

என் மகள் மங்கைக்கு எட்டாம் மாதமே பிரசவமாகிவிட்டது. ஆண் பிள்ளை. மருமகன் எல்லையில் இருந்தான். பிறந்ததும் படம் அனுப்பச் சொல்லி முன்கூட்டியே எழுதியிருந்தான். ஐந்தாம் நாள் காலை என் வீட்டுக் கூரையில் நானே ஏறினேன்.

பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தம்மா கேமராவுக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"லட்சுமி, புள்ள எப்ப பால் குடிச்சான்?"

"ராத்திரி கொஞ்சம் குடிச்சாம்மா" என்றாள் என் சம்சாரம் லட்சுமியம்மாள். "சமத்து. அழறதே இல்ல. நீங்க வரீங்கன்னுதான் தூங்கறான்."

"ஒடம்புல இன்னா பூசியிருக்கீங்க?"

"மஞ்சதாம்மா. தண்ணி ஊத்தறப்ப பூசினோம்."

"ஈரத்துணி குடு."

நெற்றி, மார்பு, உள்ளங்கால் எல்லாம் துடைத்தார். துணியில் மஞ்சள் வந்தது. ஆனால் பிள்ளையின் நிறம் மாறவில்லை. மூக்கை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடமும் மஞ்சளாகத்தான் இருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தார். ஈரம் பட்டும் பிள்ளை விழிக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான்.

கேமராவை மூடினார். "பச்சமுத்து, எறங்கி வா. புள்ளைக்குக் காமாலை. பாண்டிச்சேரிக்குத் தூக்கணும். பத்தே காலுக்கு பஸ்சு."

"பதினாறு நாள் ஆவாம வாசப்படி தாண்டக் கூடாதும்மா" என்றாள் லட்சுமியம்மாள். "கீழாநெல்லி அரச்சு மங்கைக்குக் குடுத்தா போயிடும்."

நான் இறங்கி வந்து கதவுக்கு வெளியே நின்றேன். "ரெண்டு நிமிஷம்மா. படத்த எடுத்துடுங்க. அப்பறம் போறோம்."

"படம் கெடச்சிட்டா நீங்க போவமாட்டீங்க. நாளைக்குப் பாக்கலாம்பீங்க."

"என் ஊட்டு ஓட்ட நானே பிரிச்சிட்டு நிக்கறேன். இன்னாம்மா இது?"

"வல்லத்துல ரஞ்சிதம் புள்ளைய எடுத்தமே, ஞாபகம் இருக்குதா? நீயும்தான் மேல இருந்து பாத்த. அதுவும் இப்பிடித்தான் தூங்குச்சு."

ஞாபகம் இருந்தது. தங்கம் மாதிரி இருக்குது என்று நான்தான் மேலிருந்து சொன்னேன். பூசிய மஞ்சள் என்று இரண்டு பேருமே நினைத்தோம். ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை செத்துப்போய்விட்டது. போட்டோ எடுத்ததால்தான் உயிர் போனது என்று அந்த வீட்டார் படத்தை வாங்கவே இல்லை.

பாயிலிருந்து மங்கைதான் எழுந்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, "நைனா, சட்டைய போடு" என்றாள் என்னிடம்.

பஸ்ஸில் அந்தம்மாவும் வந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பிள்ளை முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை உள்ளங்காலைச் சுண்டுவார். ஒவ்வொரு தடவையும் அந்த முனகலுக்காக மூன்று பேரும் காது கொடுத்தோம். திண்டிவனம் தாண்டியதும் ஒரு தடவை சத்தம் வரவில்லை. மறுபடியும் சுண்டினார். வரவில்லை. மங்கை என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தம்மா சுண்டவில்லை. பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே வந்தார். பிள்ளைக்கு மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தையே மாற்றினார்கள். மறுநாள் வந்திருந்தால் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் சொன்னார். இருபத்திரண்டு நாள் கழித்துப் பிள்ளையோடு வீடு திரும்பினோம்.

மறுநாளே அந்தம்மா கேமராவோடு வந்தார். "ஓட்டப் பிரி பச்சமுத்து."

வீட்டுப் பெண்கள் முன்னால் என்னைக் குற்றவாளியாக நிறுத்தினவர் என்கிற வீம்பு எனக்கு. "இன்னிக்கு ஆள் இல்ல" என்றேன், அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் பேச்சில்லை. எங்கேயாவது ஓடு பிரிக்க வேண்டுமென்றால் வேறு ஆளை அழைத்துப் போனார்.

போன தை மாதம் மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் நைனாரே வந்து என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"பேரன் ஓடறானா?" என்று படுத்தபடியே கேட்டார் அந்தம்மா.

"ஏணி மேல ஏறறான். என் பொழப்புக்குப் போட்டியா வருவான் போல இருக்குது."

சிரித்தார். இருமல் வந்து, அடங்க வெகு நேரமாயிற்று. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். வல்லத்துப் பிள்ளையின் படம். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்குகிற பிள்ளை மாதிரிதான் இருந்தது.

"ரஞ்சிதம் மறுபடியும் முழுவாம இருக்கா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "பங்குனியில பொறக்கும். படத்த அவகிட்ட குடு. படத்தால சாவல, நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டு மஞ்சள்னு சும்மா இருந்துட்டோம்னு சொல்லு. திட்டினா வாங்கிக்க. கோவத்துல எழுந்து வந்துடாத, நீ வந்துடுவ. பொறந்த மூணாம் நாளு போயி, வடக்குப் பக்கம் நாலு ஓட்ட எடு. மஞ்சளத் தொடச்சுக் காட்டச் சொல்லி, மேல இருந்து நல்லாப் பாரு."