அண்ணி கேட்டதற்கு நான் சொல்லாத பதில்

வேர்க்கடலை உரித்துக்கொண்டே அண்ணி சிரித்த சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அண்ணன், அண்ணி, அம்மா, நான் என்று நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் மார்பில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், நாள் கடத்தாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணனுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். கிரிவலப் பாதையில் பச்சிலை கொடுக்கும் வைத்தியர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, "நீ வந்து சொல்லுடா, நீ சொன்னா கேப்பா" என்று எனக்குப் போன் செய்திருந்தார்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். பட்டிமன்றப் பேச்சாளன் என்றால்தான் ஊருக்கு என்னைத் தெரியும். எந்த அணி கொடுத்தாலும் பேசுவேன். ஒரு திருவிழாவில் மாமியாருக்கும் அடுத்த வாரமே இன்னொரு ஊரில் மருமகளுக்கும் வாதாடி, இரண்டு இடத்திலும் கைதட்டல் வாங்கியவன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினேன், சிந்திக்கக் கற்றுத்தருகிறேன் என்ற நினைப்பில்.

அன்று அண்ணன் ஓர் அணியைக் கொடுத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆபரேஷன் செய்துகொண்ட மேஸ்திரி மனைவி ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். வைத்தியரிடம் போன பால்காரர் இன்றும் சைக்கிள் மிதிப்பதைச் சொன்னேன். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஊரே சொல்கிறதே, ஊரே பொய் சொல்லுமா என்றும் கேட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் அண்ணி. கையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பால்காரரு பொழச்சிக்கினாரு, சரிங்க தம்பி. அதே மருந்தச் சாப்ட்டும் செத்தவங்க எத்தினி பேரு? அவங்க வந்து சொல்ல முடியாதே. மேஸ்திரி சம்சாரம் ஆபரேஷனால போச்சா, லேட்டா போனதால போச்சா?"

எந்த மேடையிலும் என்னை யாரும் அப்படி மடக்கியதில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "அவங்களக் கேக்கணும்னா மேலதான் போகணும். உங்களுக்கு என்ன அவசரம் அண்ணி?" என்றேன். அம்மா சிரித்தார், அண்ணன் சிரித்தார், கடைசியில் அண்ணியும் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் பேசுறீங்க. நான் கேட்டதுக்குப் பதில் வரல" என்றார். அந்தச் சிரிப்பை அண்ணன் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நானும்தான்.

எட்டு மாதம் பச்சிலை. கட்டி புண்ணாகி, கை வீங்கி, வலி தாளாமல் போன பிறகுதான் வேலூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதத்தில் அண்ணி போய்விட்டார்.

வாதத்தைக் கட்டத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அது உண்மைதானா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அண்ணி பார்த்தார். அந்த வீட்டில் யோசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவரைத்தான் பேசிப் பேசிக் கொன்றேன். மேடையை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

போன பௌர்ணமி அன்று மாலை, பாதையோரம் அண்ணன் போட்டிருக்கும் சுண்டல் கடையில் நின்றிருந்தேன். அண்ணன் வீட்டுத் தெருவில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் வந்து, தனக்கும் மார்பில் கட்டி என்று தயங்கிச் சொன்னார். "ஆஸ்பத்திரி மட்டும் வேணாம்மா. கத்தி வெச்சதும் பரவிடுச்சு. என் தம்பி அன்னிக்கே சொன்னான், கடைசில நாங்கதான் கேக்கல" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்புகிறார். அந்த நம்பிக்கையும் இல்லாவிட்டால் அவரால் ஒரு வேளைச் சோறு உண்ண முடியாது.

அவர் முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அன்று நான் சொன்னது தப்பு, நாங்கள் தாமதித்ததால்தான் அண்ணி போனார், நீங்கள் நாளைக்கே போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வாழ்நாளில் நான் பேசிய ஒரே உண்மையான வாதம் அதுதான். ஒவ்வொரு காரணமாக, பொறுமையாகச் சொன்னேன்.

அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். பிறகு மரியாதையாகச் சிரித்தார்.

"பட்டிமன்ற சார் ஆச்சே நீங்க. எந்தப் பக்கம் வேணும்னாலும் பேசுவீங்க."

அப்புறம் அண்ணனிடம் வைத்தியர் வீட்டுக்கு வழி கேட்டார்.