மாப்பிள்ளையின் மூன்று நாள் லீவு

கல்யாணமான புதிதில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தால் எங்களை வீட்டில் பிடிக்க முடியாது. திண்டிவனத்திலிருந்து பைக்கில் பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போய்விடுவோம். மீன் வறுவல் சாப்பிட்டு, இருட்டும் வரை மணலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். மறுநாள் வெயில் ஏறும் வரை தூக்கம்தான். புதுக் காலண்டர் வந்ததும் எந்தப் பண்டிகை வெள்ளிக்கிழமையில் வருகிறது என்றுதான் என் கணவர் முதலில் பார்ப்பார்.

மகள் பிறந்தபின் வந்த பொங்கலுக்கு நான் விழுப்புரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். தலைப்பிரசவம், ஐந்து மாதம் முடியாமல் அனுப்பமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். இவர் திண்டிவனத்தில் பம்ப்செட் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு கிடைத்தால் வந்து போவார். பொங்கலுக்கு மூன்று நாள் வருகிறேன் என்றார். அந்த மூன்று நாளைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு நல்ல தூக்கம் என்பதையே மறந்திருந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. திண்டிவனத்துக்குத் திரும்பிவிட்டால் வீட்டில் நாங்கள் இருவர்தான். இந்த மனிதர் பிள்ளையைத் தூக்குவாரா, இல்லை நான் ஒருத்தியே அல்லாட வேண்டுமா?

வந்தவர் சாப்பிட்டார், தூங்கினார். அவ்வளவுதான். பைக்கில் வந்த உடம்போடு குழந்தையைத் தொடக்கூடாது என்று அம்மா அவரைக் கை கால் கழுவ வைத்து, சட்டை மாற்ற வைத்து, ஹாலில் உட்கார வைத்தாள். அதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பத்தியத்துக்குப் பூண்டுக் குழம்பு, மாப்பிள்ளைக்கு வடை, பாயசம். அவருக்கு மாடி அறையில் புதுப் பாய், புதுத் தலையணை. குழந்தை சிணுங்கினாலே அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள், மாப்பிள்ளையின் தூக்கம் கெட்டுவிடுமாம். என் தூக்கத்தைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காணும் பொங்கல் அன்று மதியம் அப்பாவும் அம்மாவும் அனந்தபுரத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாப்பா அழுதால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு, மாப்பிள்ளையை எழுப்பாதே என்று அம்மா கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் குழந்தை வீறிட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று.

அவர் தூங்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, புள்ள கத்தறது காதுல உழலையா?"

"உழுந்துச்சி. வந்ததுலேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். நான் ரூமாண்ட வந்தா அத்த எழுந்துடறாங்க. புள்ளைக்கு எண்ணெ தேய்க்கும்போது ஒருவாட்டி எட்டிப் பாத்தேன். புள்ளையத் தூக்கிக்கினு, முட்டியப் புடிச்சிக்கினு எழுந்து நிக்கறாங்க. அப்புறம் கீழ எறங்கி வர மனசு வரல."

மாப்பிள்ளை எதிரில் உட்காரக்கூடாது என்றே வளர்ந்தவள் என் அம்மா. முட்டிவலிக்காரி. இருந்தும் இவர் தலை தெரிந்தால் எழுந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். எனக்கு அது பார்த்துப் பழகிய காட்சி. அதற்காக ஒரு மனிதர் மாடியிலேயே இருந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்தாள், இவர் அவள் முட்டிக்கு மரியாதை கொடுத்தார், நடுவில் கண் எரிந்துகொண்டு கிடந்தவள் நான். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயினவோ. இவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அம்மாவை நினைத்தாலும் பாவமாக இருந்தது.

கீழே கூட்டிவந்து தரையில் உட்காரச் சொல்லி, குழந்தையை மடியில் வைத்தேன். கண்ணாடிச் சாமான் தூக்கியவர் மாதிரி விறைத்துப்போய் இருந்தார். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னேன். அழுகை நிற்கவில்லை. நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பக்கத்தில் பாயில் சாய்ந்தேன். அது அழுகையை நிறுத்துவதற்கு முன்பே நான் தூங்கிவிட்டேன்.

கேட் திறக்கும் சத்தத்தில் விழிப்பு வந்தது. வெயில் இறங்கியிருந்தது. இவர் நான் உட்கார வைத்த இடத்திலேயே இருந்தார். கைலி முழுக்க ஈரம். மகள் அந்த ஈரத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த அம்மா பதறிப்போனாள். மாப்பிள்ளையை இப்படித் தரையில் உட்கார வைத்திருக்கிறாயே என்று என்னைத் திட்டிக்கொண்டே குனிந்து கையை நீட்டினாள்.

"குடுங்க மாப்ளே. லீவுன்னு வந்துட்டு நீங்க ஏன் செரமப்படணும்?"

அம்மாவிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாதவர் அன்றைக்குப் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"லீவுல வந்ததே இதுக்குத்தான் அத்த. திண்டிவனம் போனா நாங்க ரெண்டு பேருதான பாத்துக்கணும். நீங்க உக்காருங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்லத் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதைத் துடைக்காமலேயே மறுபடியும் தூங்கிப்போனேன்.