நம் பக்கம் அல்ல, மூக்குப் பக்கம்

என் மகளின் இடது கண்ணுக்கு மட்டும் அப்படி என்ன துக்கமோ, பிறந்த சில வாரங்களிலேயே அது தனியாக அழத் தொடங்கியது. அவள் சிரிக்கும்போதும் அந்த ஒரு கண்ணில் நீர் வழியும். காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும்.

"கண்ணு பட்டிருக்குதும்மா, சுத்திப் போடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. போட்டேன். கண்ணுக்கே கண் படுமா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

பீளை மஞ்சளாகி இமையும் சிவந்த அன்று, ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் காஞ்சிபுரத்துக்கு ஓடினோம். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறது, தேங்கிய நீரில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார் கண் டாக்டர். சொட்டு மருந்து எழுதினார். பிறகு, மேஜையில் படுத்திருந்த குழந்தையின் கால்மாட்டில் நின்றுகொண்டு, கண்ணின் உள்மூலையில் விரல் வைத்து மெல்ல அழுத்தி இழுத்துக் காட்டினார். தினமும் இப்படிச் செய்தால் பெரும்பாலும் தானே திறந்துவிடுமாம். ஒரு வயதாகியும் திறக்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பி விட வேண்டுமாம். மயக்க மருந்து என்றதுமே குழந்தையை வாரி எடுத்துக்கொண்டேன். அதற்குப் பின் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

குழந்தையின் முகத்தை அழுத்த எனக்குத் துணிவு வரவில்லை. என் வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறவர். "நான் செய்றம்மா, இழை அறாத கை இது" என்று பெருமையடித்துக்கொண்டு, அவள் தலையை மடியில் வைத்துத் தினமும் தேய்த்தார். கண் மட்டும் அழுகையை நிறுத்தவில்லை. மறுபடி போவதற்குள் நான் இவர்மேல் எத்தனை முறை எரிந்து விழுந்தேனோ!

"எங்க, செஞ்சி காட்டுங்க" என்றார் டாக்டர். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுச் செய்தார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"கீழ இறக்கச் சொன்னா மேல ஏத்திக்கினு இருக்கீங்களேப்பா!"

"நம்ம பக்கம்தான சார் இழுக்கணும்?"

தறியில் குறுக்கே ஊடை இழை போட்டதும் பலகையைத் தன் பக்கம் இழுத்து அடிப்பது இவர் வழக்கம். டாக்டரும் கால்மாட்டில் நின்று தன் பக்கமாகத்தான் இழுத்தார். தலை மடியில் இருந்தால் நம் பக்கம் என்பது நெற்றிப் பக்கம் ஆகிவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"நம்ம பக்கம் இல்லப்பா, மூக்குப் பக்கம். காலு உங்க பக்கம் வர்ற மாதிரி கொழந்தைய திருப்பிப் போடுங்க, போதும்."

திருப்பிப் போட்டோம்.

பிறகு ஒரு நாள், பவுடர் டப்பாவைப் பிடுங்கியதற்காக அவள் வீடே அதிர அழுதாள். ஓய்ந்தபோது பார்த்தால் இடது கண்ணில் நீர் தேங்கவில்லை. இடது மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மூக்கு ஒழுகுதும்மா!" என்று தறியை விட்டு எழுந்து வந்து குதித்தார் இவர்.

சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கா, "கொழந்தைக்கு சளி புடிச்சிக்கினு இருக்குது, உங்களுக்கு சிரிப்பா?" என்று திட்டினார். சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.