சர்க்கரை போடாத அப்பம்

ரொட்டிக்கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் சர்க்கரை அண்ணன். பன்னோ பிஸ்கட்டோ, சர்க்கரை போடுவதில் அவர் கை தாராளம். ஞாயிறுதான் வியாபாரம் களைகட்டும் நாள் என்பதால், அவர் மாதா கோயிலில் பூசை கண்டு வருடக்கணக்காகிவிட்டது. வீட்டின் சார்பில் மனைவி போய்வந்தார்.

ஒரு முறை, பூசையில் கொடுக்கும் மெல்லிய வட்ட அப்பத்தைச் சுட்டுத் தரும் கன்னியர் மடத்தில் இரும்பு அச்சு உடைந்துபோனது. அந்த வாரத்துக்கு மட்டும் சுட்டுத் தர முடியுமா என்று பங்குச் சாமியார் கடைக்கே வந்து கேட்டார். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெல்லிசாகச் சுட்டு, வட்டம் வட்டமாக வெட்டி, மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார்.

சாமியார் ஒன்றை வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

"பிரமாதமா இருக்கு. ஆனா இது ஆகாது. என்ன போட்டீங்க இதுல?"

"கொஞ்சம் வெண்ணெய், ஒரு கை சர்க்கரை. ஆண்டவருக்குப் போறது, சப்புன்னு இருக்கலாமா சாமி?"

சாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோதுமை மாவு, தண்ணி. அவ்வளவுதான். மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்குவார்."

"பூசையில நீங்க ஜெபம் சொன்னப்புறம் ருசி மாறுமா சாமி?"

"மாறாது. நிறம், மணம், ருசி எல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆனா அது என்னங்கறது மாறிடுது. அதுக்கப்புறம் அது அப்பம் இல்ல, அவரே. சும்மா அடையாளத்துக்குச் சொல்றது இல்ல இது."

"மாவுல எதையாவது கலந்தாத்தான் அது வேற ஒண்ணா ஆகும்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்," என்றார் அண்ணன். அன்று முழுக்க மாவு பிசையும்போதும் யோசனையாகவே இருந்தார்.

வெறும் மாவிலும் தண்ணீரிலும் மறுபடி சுட்டார். சனிக்கிழமை சாயங்காலம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அவர் முடித்து எழுந்திருப்பதற்குள் பின்னால் நின்ற இரண்டு பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

ஞாயிறு காலை மனைவியின் பக்கத்தில் முழந்தாளிட்டார். "இது என் உடல்" என்று சொல்லிச் சாமியார் உயர்த்திப் பிடித்த வட்டத்தின் ஓரம் லேசாகக் கருகியிருந்தது. எந்த மூட்டை மாவு என்றுகூட அண்ணனால் சொல்லியிருக்க முடியும். ஆனாலும் தலை தானாகக் குனிந்தது. அவரும் வரிசையில் போய் நாக்கில் நன்மை வாங்கினார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டார், "எவன் சுட்டாலும் குறை சொல்லுவீங்களே, உங்க கைப்பக்குவம் எப்படி?"

"நான் சுட்டதை நான் சாப்பிடலம்மா."

பேச்சைப் பார் என்று சிரிக்கப்போன மனைவி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அச்சு சரியானதும் கன்னியர்களே சுடத் தொடங்கினார்கள். கடை மட்டும் ஞாயிறுகளில் பூசை முடிந்துதான் திறக்கிறது. "பசியோட நிக்கிறோம்" என்று முணுமுணுப்பவர்களிடம், "நீங்களும் பூசைக்கு வாங்களேன், சேர்ந்தே வந்து கடையைத் திறக்கலாம்," என்கிறார் சர்க்கரை அண்ணன்.