கமலாவதியின் கையில் மட்டும் கொடுக்கவும்

மொன்றியலில் லாசால் என்ற பகுதியில் வெண்ணெய்ப் பணிஸ்களை உறையவைத்துப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. இங்கத்தைய ஆட்கள் அந்தப் பணிஸைக் குறுவாசோன் என்பார்கள். வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் பிலிப்பீன்ஸ்காரர். மிச்சத்தில் எங்கள் ஆட்கள்தான் கூட. உருத்திரமூர்த்தி அண்ணை அங்கே பெட்டி அடுக்கத் தொடங்கியபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. இப்போது முடியும் இல்லை, முதுகும் சரியில்லை, நெஞ்சுக்குள் இந்த வசந்தத்தில் வைத்த ஸ்டென்ட் வேறு.

அவருக்குப் பக்கத்தில் நின்று பெட்டிக்கு நாடா ஒட்டுகிறவள் ஜொய்சி. இலோயிலோ என்ற ஊரில் மூன்று பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். பிள்ளைகளின் பிறந்தநாள் வந்தால் இணையக் கடையில் கேக்கும் பொரித்த கோழியும் அரிசி மூட்டையும் எடுத்து அனுப்புவாள். அந்தக் கடைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கிற்றாருடன் ஒருவனை அனுப்பி வாசலில் நின்று பாடவைத்து, அதைப் படம் பிடித்து இவளுக்கு அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டு அறையில் பிலிப்பீன்ஸ் பெண்கள் எல்லோரும் கைபேசியைச் சுற்றி நின்று அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அழுவார்கள், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். பெற்ற பிள்ளையைப் படத்தில் பார்த்து வளர்க்கிற சீவியம் என்ன சீவியம் என்று, அவர் சொல்லக் கேட்கிற எனக்கு எரிச்சல் வரும். மூர்த்தி அண்ணைக்கு வந்தது எரிச்சல் இல்லை, பொறாமை. அந்தப் படங்களில் எல்லோரும் இருக்கிறார்கள், முட்டிமோதிக்கொண்டு முகம் காட்டுகிறார்கள் என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அவரும் அனுப்புகிறவர்தான். உடுவிலில் இருக்கிற தன் அக்கா கமலாவதிக்குச் சுன்னாகத்து இணையக் கடை ஒன்றின் மூலம் புதுவருசத்துக்குச் சேலை, தீபாவளிக்குப் பழக்கூடை, மழைக்காலத்தில் போர்வை என்று விடாமல் அனுப்பிவந்தார். அங்கேயும் சாமானைக் கொடுத்ததற்குச் சாட்சியாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தில் எப்போதும் அக்காவின் மகள் கஜந்தினிதான் பொதியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில படங்களில் அவளுடைய புருசன். அக்கா ஒரு படத்திலும் இல்லை. ஒரேயொரு தடவை பின்னால் கதவு நிலையில் ஒரு சேலைத் தலைப்புத் தெரிந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அது அக்காவின் சேலைதான் என்று சொன்னார். பாவமாக இருந்தது.

அக்காவின் கோபம் நியாயமானது. எனக்கு மூர்த்தி அண்ணையைப் பிடிக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய தாய் தகப்பன் வேளைக்கே போய்ச்சேர, அவரைத் தூக்கி வளர்த்தவ அந்த அக்கா. அக்காவின் புருசனை யுத்தத்தில் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. கஜந்தினிக்குக் கலியாணம் ஒழுங்கானபோது தகப்பனின் இடத்தில் இருந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். வாறன் அக்கா என்று சொன்னார். விமானச் சீட்டும் எடுத்தார், வேட்டி சால்வையும் வாங்கினார். மொன்றியல் விமான நிலையத்து வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார். கட்டுநாயக்காவில் விமானத்தால் இறங்கியதும் பிடிப்பார்கள் என்று யாரோ கதை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கனடாப் பாஸ்போட் கையில் இருந்தது, ஆனால் ஒருதரம் தடுப்புக்காவலில் இருந்து அடி வாங்கிய உடம்புக்குப் பாஸ்போட் எல்லாம் விளங்காது. மணவறையில் முகூர்த்தம் தப்பப்போகிற நேரம் வரைக்கும் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவவாம். கடைசியில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து தாரை வார்த்தார். அன்றைக்கே, தனக்குத் தம்பி இல்லை என்று அக்கா சொல்லிவிட்டா. அதற்குப் பிறகு அவ தொலைபேசிக்கு வரவே இல்லை.

ஏழு வருசம் அப்படியே போனது. இந்த ஆவணியில் அக்காவுக்கு எழுபது வயது.

ஜொய்சிதான் யோசனை சொன்னவள். வீட்டுக்காரருக்குச் சொல்லி வைத்துவிட்டு அனுப்பினால் யார் வேண்டுமானாலும் வந்து வாங்குவார்கள், சொல்லாமல் அனுப்பினால்தான் உரிய ஆள் வாசலுக்கு வரும் என்றாள். தன் மூத்தவன் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தபோது அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தாளாம். மூர்த்தி அண்ணை சுன்னாகத்துக் கடை நடத்துகிற நிரஞ்சனி என்ற பெண்ணுடன் வட்ஸ்அப்பில் கதைத்து எல்லாம் ஒழுங்கு செய்தார். அக்காவின் பெயர் எழுதிய கேக், பூங்கொத்து, பலூன், சாக்சபோன் வாசிக்க ஒருவர். கமலாவதியின் கையில் மட்டும் கொடுக்கவும், வேறு ஆரிடமும் கொடுக்க வேண்டாம் என்று எழுதினார். வழக்கமாக அந்தக் கடைக்காரர்கள் புறப்பட முதல் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, ஆள் நிற்கிறதா என்று கேட்பார்கள். அதையும் வேண்டாம் என்று மறித்துவிட்டார்.

மனைவி யோகராணிக்கு அவர் மூச்சுக்கூட விடவில்லை. சொன்னால், முகம் பார்க்காத மனுசிக்குக் கேக் ஒரு கேடா என்று நக்கல் அடிப்பா. கஜந்தினியை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக் கதைப்பது வழக்கம். வாய் தவறி உளறிவிடுவேன் என்ற பயத்தில் அந்த ஞாயிறு எடுக்காமல் விட்டார்.

அந்த ஞாயிறு அக்கா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தா. புதன்கிழமை செத்துப்போனா.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்குச் சாவுச் செய்தியைச் சுடச்சுடச் சொல்லமாட்டார்கள். வாகனம் ஓட்டுவார், தனிய இருப்பார், வேலையில் நிற்பார் என்று ஆயிரம் சாட்டு. முதலில் வீட்டுக்காரிக்குச் சொல்லி, அவ தமையனுக்குச் சொல்லி, எல்லோரும் கூடி ஒரு நாள் குறித்துத்தான் சொல்லுவார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செத்த வீட்டுச் சொந்தக்காரன் ஊருக்கே கடைசி ஆளாகச் செய்தி அறிகிற கொடுமை வேறு எந்தச் சனத்திடம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. யோகராணியும் அவவின் தமையன் தங்கராசாவும் ஸ்டென்ட்டை நினைத்துப் பயந்தார்கள். கேள்விப்பட்டால் விமானம் ஏறுகிறேன் என்று நிற்பார், நெஞ்சு தாங்காது என்று கணக்குப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம், அங்கே செத்தவீடு முடிந்த பிறகு சொல்லுவது என்று முடிவானது. அதுவரைக்கும் இணையத்தில் மரண அறிவித்தல் போடக்கூடாது என்று கஜந்தினியிடம் கேட்டுக்கொண்டார்கள், ஏனென்றால் மூர்த்தி அண்ணை காலையில் கோப்பியுடன் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் இருந்து வேர்டன் வரைக்கும் மொன்றியலில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

அக்காவின் பிறந்தநாளும் அந்த வெள்ளிக்கிழமைதான்.

அன்றைக்கு மூர்த்தி அண்ணை புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாராம். வேலை தொடங்க முதல் எல்லோரும் கோப்பி குடிக்கிற விடியற்பொழுது, அங்கே பின்னேரம். ஜொய்சி தன் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். பற்றிக் என்கிற மேற்பார்வையாளன்கூடக் கோப்பியுடன் வந்து நின்றான். நிரஞ்சனியின் அழைப்பு வந்ததும், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இவர் ஒலியைக் கூட்டிப் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் தந்த விலாசம் சரிதானோ?" என்று நிரஞ்சனி கேட்டாள். "நாங்கள் வாசல்ல நிக்கிறம். இஞ்ச வெள்ளைக்கொடி கட்டியிருக்கு."

பக்கத்து வீடாக இருக்கும், பச்சை கேற் வீட்டைப் பார் பிள்ளை என்றார் இவர்.

"பச்சை கேற்தான் அண்ணை. கேட்டனான். கமலாவதி அம்மாவை இண்டைக்குத்தான் எடுக்கினமாம்."

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. பெண் குரல் கேட்டதும் அதுதான் அக்கா என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி பிறந்தநாள் பாட்டைத் தொடங்க, எல்லோரும் கைதட்டிச் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டு அங்கே செத்தவீட்டு வாசலில், நிரஞ்சனியின் கைபேசியில் கேட்டிருக்கிறது. மூர்த்தி அண்ணையின் முகத்தைப் பார்த்து முதலில் பாட்டை நிற்பாட்டியவள் ஜொய்சி. கையைப் பிடித்து அவரைக் கதிரையில் இருத்தினாள்.

வாசலில் நின்ற கிழவர்கள் பலூனையும் சாக்சபோன்காரரையும் கண்டு ஏசத் தொடங்கிவிட்டார்கள். நிரஞ்சனி சாக்சபோன்காரரை ஓட்டோவுக்குள் அனுப்பிவிட்டு, ஆரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கேக் பெட்டியுடன் நின்றாள். வீடியோவைப் போட்டு, உள்ளே போய்க் கஜந்தினியிடம் கைபேசியைக் கொடு என்று மூர்த்தி அண்ணை கெஞ்சினார். திரையில் கஜந்தினி வந்தாள். மாமனைக் கண்டதும் அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"இப்பதான் வாறியள் என்ன மாமா," என்றாள். "அம்மா ஆஸ்பத்திரியில உங்களைத்தான் கேட்டவ. தம்பியோட கதைக்கவேணும், எடுத்துத் தா எண்டு விடாமல் கேட்டவ. நான் எடுத்தனான். இப்ப வேண்டாம், அவருக்கு நெஞ்சு ஏலாது, பேந்து பாப்பம் எண்டு யோகராணி மாமி சொல்லிப்போட்டா."

அக்காவின் முகத்தைக் காட்டு என்று மட்டும் இவர் கேட்டார். அவள் கைபேசியைத் திருப்பினாள். நாடிக்கட்டுக் கட்டி, நெற்றி நிறைய வீபூதி பூசி அக்கா கிடந்தா. நல்லாய் மெலிந்திருந்தா என்று என்னிடம் சொன்னார். ஐயர் அவசரப்படுத்தவே படம் நின்றுவிட்டது. அதற்கு முதல், தான் அறிந்துகொண்டதை மாமிக்குச் சொல்லாதே என்று கஜந்தினியிடம் கேட்டுக்கொண்டார்.

அவரிடம் கேட்டறிந்து ஜொய்சி மற்றவர்களுக்கு விசயத்தைச் சொன்னாள். பிறகு தன் யோசனையால் வந்த வினை என்று அவள் அழ, இவர்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகச் சொல்லிப் பற்றிக் எவ்வளவோ சொன்னான். இவர் போகவில்லை. வீடு என்றால் அங்கே யோகராணி இருப்பாவே. பின்னேரம் வரைக்கும் பெட்டி அடுக்கினார். அடுக்கியது சரியா பிழையா என்று அவருக்கே தெரியாது. ஜொய்சி பக்கத்தில் நின்று பிழையானதை எல்லாம் திருத்தினாள்.

வீட்டில் தங்கராசாவின் கார் நின்றது. உள்ளே தங்கராசாவும் மனைவியும், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு இருந்தார்கள். மேசையில் பிளாஸ்கில் தேநீர், பக்கத்தில் தண்ணீர், மாத்திரை. முதலில் முகம் கழுவிச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டார். பிறகு தங்கராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, உடுவிலில் அக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் அத்தான் என்று தொடங்கினார்.

இதற்கும் எங்களிடம் படி வைத்திருக்கிறார்கள். முதலில் சுகமில்லை என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கடுமையாம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆள் இல்லை என்பார்கள். எரிந்து முடிந்துபோன அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கே வருத்தம் கடுமையாக்கி, கடைசியில் சாகவைக்கிற வரைக்கும் மூர்த்தி அண்ணை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் உடனே கத்தவில்லை என்று நான் கேட்டேன். யோகராணி தன் வாயால் அந்த ஒன்றைச் சொல்லுவா என்று காத்திருந்தாராம். சொன்னால் மன்னித்துவிடலாம் என்று நினைத்தாராம். மன்னிக்கிறதற்கு அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

தங்கராசா முடித்துவிட்டார். யோகராணி பக்கத்தில் வந்து இருந்து அவருடைய முதுகைத் தடவினா. அவவும் உண்மையாகவே அழுதுகொண்டுதான் இருந்தா.

"கடைசி நேரத்தில அக்கா என்னைக் கேட்டவவோ?" என்று மூர்த்தி அண்ணை கேட்டார்.

யோகராணி தமையனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. புருசனின் கண்ணையே பார்த்துச் சொன்னா.

"இல்லையப்பா. அவ ஒண்டும் கேக்கேல்லையாம். நித்திரையிலயே போட்டாவாம்."

மூர்த்தி அண்ணை தலையை ஆட்டினார். யோகராணி நீட்டிய மாத்திரையை வாங்கி, தண்ணீரைக் குடித்து விழுங்கினார்.