ஒரே ஒரு கே

அந்தப் பருவத்தில் எங்கள் பள்ளிக்கூடக் கால்பந்து அணி ஒன்பது ஆட்டங்கள் ஆடியது. எட்டில் நான் இடது ஓரத்தில் ஓடினேன். ஆறு கோல் அடித்தேன். ஒன்பதாவது, கோப்பைக்கான ஆட்டத்தை, மலாயாவில் ஈப்போ திடலின் மரப்படியில், கீழிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் வரவில்லை என்று ஆட்டத்தாளில் எழுதியிருந்தது. அது பொய். எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அது இன்றும் பொய்தான்.

அணியில் என் பெயரே கொண்ட இன்னொருவன் இருந்தான். முருகனுக்கு எத்தனையோ பெயர்கள் இருந்தும் எங்கள் இரண்டு வீட்டிலும் ஒன்றையே பிடித்துக்கொண்டார்கள். நான் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு கங்காணியின் மகன். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிராணியின், அதாவது குமாஸ்தாவின், மகன்; வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால். என் தகப்பனார் பெயர் ‘கு’வில் தொடங்கும், அவன் தகப்பனார் பெயர் ‘கா’வில். தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தைகூட எங்களைப் பிரித்துச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே கே. தலைப்பெழுத்தை எதற்காக வைக்கிறோம்? இன்னார் மகன் என்று ஆளை அடையாளம் காணத்தானே? அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் எங்கள் இரண்டு தகப்பன்மாரையும் ஒருவராகவே ஆக்கி வைத்திருந்தார்கள்.

எட்டு ஆட்டம்வரை இதனால் தொல்லை இல்லை. அணியைத் தேர்ந்தெடுத்த வெள்ளைக்கார ஆசிரியர் பெயர் எழுதுகிறவரே அல்ல. எங்களை வரிசையாக நிறுத்திப் பிரம்பை நீட்டி, நீ, நீ, நீ என்று பதினொரு தடவை சொல்வார். அந்தப் பிரம்பு எட்டு முறையும் என்னிடம் நின்றது. அவனிடம் இரண்டே முறை, வேறு யாருக்கோ கால் சுளுக்கியபோது. கோப்பை ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கையில் அவரை மலேரியா படுக்கவைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாளில் பதினொரு பெயர் எழுதி அனுப்பினார். அதில் ஒரே ஒரு கே.

சனிக்கிழமை பூட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏழு மைல் நடந்து திடலுக்குப் போனேன். வெள்ளைக்காரருக்குப் பதிலாகக் கணக்கு ஆசிரியர் தாளுடன் நின்றார். அதுவரை எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. அவருக்குத் தாய்மொழி தமிழ். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த இன்னொருவன் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். வேண்டியவன் என்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. மூன்று வீடு என்று மட்டும் சொல்கிறேன்.

“தம்பி, தாளிலை ஒரு கே தான் இருக்கு. ரெண்டு பேரை இறக்க ஏலாது” என்றார்.

“சார், அது நான்தான் சார். எட்டு ஆட்டமும் நான்தான் ஆடினேன்.”

“அந்தக் கே இவர். இவரை எனக்குத் தெரியும். உம்மைத் தெரியாது.”

“என்னோடது கு சார். அவனோடது கா.”

“இங்கிலீசிலை குவும் இல்லை, காவும் இல்லை. போய் இரும்.”

எங்கள் அணித் தலைவன் ஒரு சீனப் பையன். இடது ஓரம் இவன்தான் என்று ஆங்கிலத்தில் அவனும் சொல்லிப் பார்த்தான். இன்னொரு வார்த்தை பேசினால் ஆட்டமே கிடையாது என்று ஆசிரியர் அவன் வாயை அடைத்தார். என் பெயர்க்காரன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, “மச்சான், நான் கேக்கேல்லையடா” என்றான். கேட்கவில்லைதான். வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அன்று இடது ஓரத்துக்குப் பந்து இருபத்து மூன்று முறை வந்தது. அவன் காலிலிருந்து நடுவுக்குத் திரும்பிப் போனது நான்கு முறை. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

திங்கட்கிழமை வெள்ளைக்கார ஆசிரியர் வெளிறிய முகத்தோடு பள்ளிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். “உன் பெயரைத்தானே எழுதினேன். ஏன் வரவில்லை?” என்று கேட்டார். மேசையில் ஆட்டத்தாள் கிடந்தது. ஓரத்தில், இன்னொரு கே வரவில்லை என்று கணக்கு ஆசிரியரின் அழகான கையெழுத்து. நடந்ததைச் சொன்னேன். தலைவனும் வந்து சாட்சி சொன்னான். அவர் தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, மூடி, சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஆசிரியர் எழுதியதை மாணவன் எதிரில் அடித்தால் மரியாதை என்னாவது! “பரிதாபம்தான். அடுத்த வருடம் பார்க்கலாம்” என்றார். நான் கடைசி வகுப்பு. எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அணியைப் படம் பிடிக்கக் கடைத்தெருவிலிருந்து ஆள் வந்தான். என்னையும் நிற்கச் சொன்னார் வெள்ளைக்காரர். அதோடு தீர்ந்தது என்று நினைத்திருப்பார். கணக்கு ஆசிரியர் கழுத்துப்பட்டை கட்டி, நடு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தவர்!

“வாடா மச்சான், என்ரை பக்கத்திலை நில்” என்று என் பெயர்க்காரன் நகர்ந்து இடம் விட்டான்.

நான் அவனைக் கடந்தேன். கணக்கு ஆசிரியருக்கு நேரே போய் நின்று தமிழிலேயே கேட்டேன்: “சார், நான்தான் அன்னிக்கு வரவே இல்லியே. வராதவன் படத்துல எப்படி சார் நிப்பான்?”

பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான். வெள்ளைக்காரர், பையன் என்ன சொல்கிறான் என்று கணக்கு ஆசிரியரைக் கேட்டார். தலைவலியாம், நிற்க முடியாதாம் என்று அவர் மொழிபெயர்த்தார். ஒரே வாரத்தில் இரண்டாவது பொய்.

படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஆட்டக்காரர் பதினொருவர், ஆசிரியர் இருவர், மொத்தம் பதின்மூன்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது. தலைவலி இல்லை என்று ஆங்கிலத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, வகுப்புக்குப் போனேன்.